மொட்டை வெங்காயம்

"என் வெங்காயத்துல சக்கரையைக் கலந்தது யாரு?"

அறிவுச்செல்வி போட்ட கூச்சலில் அம்மா கந்தம்மாள் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"வெங்காயத்துல எவனாச்சும் சக்கரை போடுவானா? படிச்சுப் படிச்சு மூளை கலங்கிப்போச்சா புள்ள?"

ஜன்னலோரம் ரெண்டு டம்ளர். ரெண்டின் வாயிலும், அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி, ஆளுக்கொரு பெரிய வெங்காயம் உட்கார்ந்திருந்தது. நாளைக்குப் பிளஸ் டூ பயாலஜி பிராக்டிகல். வேர் நுனியை நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்க, ரெண்டு வெங்காயத்தை வேர் விடவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் இனியா மிஸ்.

ஒன்றுக்குச் சாமியார் தாடி மாதிரி வெள்ளை வெளேரென்று வேர் தொங்கியது. இன்னொன்று சுத்த மொட்டை. மொட்டையோடு விட்டதா? கொழகொழவென்று அழுகி, நாற்றம் வேறு. டம்ளரைச் சுற்றி எறும்பு ஊர்வலம்.

"வெங்காயத்துக்கு எறும்பு வருமாம்மா? சக்கரைக்குத்தான் வரும். இரு, ருசுப்படுத்தறேன்."

சக்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கிற பெனடிக்ட் கரைசலை, பழகிப் பார்க்க மிஸ் கொடுத்திருந்ததை எடுத்தாள். நீலமாக இருந்தது. ரெண்டு டெஸ்ட் டியூபில் அதை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, கொதிக்கிற வெந்நீரில் நிறுத்தினாள்.

"அடியே, அது இட்லிக் குண்டா!"

"நசுங்கிப்போச்சுன்னு நீ தூக்கிப்போட்ட குண்டாம்மா. கம்முனு பாரு."

தாடி வெங்காயத்தின் தண்ணீர் நீலமாகவே இருந்தது. மொட்டையின் தண்ணீர் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் சிவப்பில் வந்து நின்றது.

"பாத்தியா? சக்கரை கொட்டிக் கெடக்குது! அப்பறம் எப்படி வேர் வரும்?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார் அப்பா குழந்தைவேல். மரவள்ளிக்கிழங்கு வியாபாரி. ஒரு லோடு கிழங்குக்கு ஆத்தூர் ஜவ்வரிசி ஆலை வாசலில் தொண்டை கிழியப் பேரம் பேசுகிற ஆள். பஸ்ஸில் எவனாவது முறைத்துப் பார்த்தால்கூட வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். ஆனால் ஊசி என்றால் மட்டும் அவரைக் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

அவருக்குச் சுகர் என்று தெரிந்து ரெண்டு மாதமாகிறது. இனிப்பைத் தொடமாட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்திருந்தார். மீறினால் தினமும் காலையில் விரலில் ஊசி குத்தி மிஷினில் சுகர் பார்ப்பது என்று கந்தம்மாள் தீர்ப்பே எழுதி வைத்திருந்தாள். வாங்கி வைத்த மிஷின் டப்பா இன்னும் பிரிக்கப்படவில்லை.

கந்தம்மாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"ஏனுங்க, ஜன்னலோரமா நின்னு களவாணித்தனமாச் சக்கரைத் தண்ணியா குடிக்கறீங்க? டம்ளர்ல சிந்திட்டு வேற போயிருக்கறீங்க! வெங்காயம் காட்டிக் குடுத்துருச்சு பாருங்க!"

கூரை பறக்கப்போகிறது என்று அறிவுச்செல்வி காதைப் பொத்தினாள்.

குழந்தைவேல் டம்ளரைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஆமா. நாந்தான்."

"சாமி மேல சத்தியம் பண்ணிப்போட்டு... நாளையில இருந்து விரலை நீட்டோணும்!"

"செரி."

"தினமும்!"

"செரிங்கறேன்ல."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுகூடப் பேரம் பேசவில்லை மனுசன்.

"வெயில்ல வந்தீங்க, உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே கந்தம்மாள் அடுப்படிக்குப் போனாள்.

அறிவுச்செல்விக்கு எங்கேயோ இடித்தது.

"ஏப்பா, சக்கரைக்கு ஆசைப்பட்டா வாயில ஊத்துவாங்க. வெங்காயத்துக்கு எதுக்கு ஊத்துனீங்க? சிந்துன மாதிரி இல்ல, டம்ளர் முச்சூடும் சக்கரை."

"மெல்லப் பேசு சாமி!" அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "நான் வந்ததும் உங்கம்மா ஒரு சொம்புத் தண்ணி குடுப்பாள்ல? அதுல உனக்கும் தெரியாம, எனக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டு, தினமும் ரெண்டு கரண்டி குளுக்கோஸ் போடறா."

"ஐயோ! குளுக்கோஸும் சக்கரைதானப்பா!"

"எனக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியோணுமே? சக்கரைதான் ஆகாது, குளுக்கோஸு ஆஸ்பத்திரியில ஏத்தற மருந்துன்னு நெனச்சுட்டு இருக்கறா. நான் எளைச்சுப் போனேனாம். தெம்பு வரட்டும்னு குடுக்கறா. முன்னெல்லாம் கொல்லையில கறிவேப்பிலைக்கு ஊத்துனேன். அது பட்டுப்போச்சு."

"அந்தச் செடி செத்ததும் உங்களாலதானா! அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, புருசனுக்கு நாமளே வெசம் வெச்சோமேன்னு அழுதே ஓஞ்சு போயிருவா. இந்த ஒலகத்துல என்கிட்டப் பேரம் பேசாமக் குடுக்கறவ அவ ஒருத்திதான் சாமி. ஊசி கெடக்குது, குத்திக்கலாம்."

சொல்லும்போதே விரலை மடக்கி ஒளித்துக்கொண்டார்.

கந்தம்மாள் சொம்போடு வந்தாள். "இந்தாங்க, வெறுந்தண்ணிதான். ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிக்கோணும்!" குக்கர் விசிலடித்தது. திரும்ப ஓடினாள்.

அறிவுச்செல்வி மொட்டை வெங்காயத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். அந்த டம்ளரைக் காலி செய்து அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு வெங்காயமே போதும்னு மிஸ்கிட்ட நான் பேரம் பேசிக்கறேன். அம்மா வர்றதுக்குள்ள ஊத்துங்கப்பா."