கண்ணாடி நர்ஸின் நோட்டு

அந்தக் கண்ணாடி போட்ட நர்ஸ் மறுபடியும் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். பாடம் நடத்திக்கொண்டிருந்த பயிற்சியாளரின் கண் அந்த நோட்டையே சுற்றி வந்தது.

வீட்டில் அடி வாங்கியும், பலாத்காரத்துக்கு ஆளாகியும் வரும் பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று நர்ஸுகளுக்கும் போலீஸ்காரர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி. எட்டு வருஷமாக இதுதான் அவருடைய பிழைப்பு. இந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர்.

"ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அதோட அந்தப் பொண்ணு வாயை மூடிக்கும்," என்றார்.

"அதைக் கேக்கலைன்னா நாங்க வேற என்னத்த மேடம் கேக்கறது?" என்றார் கடைசி வரிசை ஏட்டு. ஹாலே சிரித்தது. கண்ணாடி நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை, வைத்த கண் வாங்காமல் பயிற்சியாளரையே பார்த்தாள்.

பலகையின் கீழ்ப்பாதி எழுத்தால் நிரம்பிவிட்டது. "மேல எழுதுங்க மேடம், இங்க தலைங்க மறைக்குது," என்றார் ஏட்டு. பயிற்சியாளர் காதில் விழாதது போல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதினார். கண்ணாடி உடனே ஒரு வரி குறித்தாள்.

சந்தேகமே இல்லை, தலைமை அலுவலகம் அனுப்பிய ஆள்தான். நர்ஸ் வேஷத்தில் வந்து வேவு பார்க்கிறாள். ஒரு மோசமான ரிப்போர்ட் போதும், அடுத்த வருஷ வேலை அம்பேல். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

டீ இடைவேளையில் கண்ணாடி பக்கத்தில் வந்து நின்றாள். "சாயங்காலம் உங்களைக் கூட்டிட்டுப் போக யாராவது வருவாங்களா மேடம்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மாவாம்! பயிற்சியாளர் டீயை அப்படியே வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போனார். பின்னாலேயே வந்துவிட்டாள் கண்ணாடி. ஒவ்வொரு கதவாகத் தள்ளி உள்ளே ஆளில்லை என்று பார்த்தாள். பிறகு வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

பயிற்சியாளருக்குப் பொறுமை போய்விட்டது. "யாரு அனுப்பினாங்க உங்களை? என்னைப் பத்தி ரிப்போர்ட் எழுதத்தானே வந்திருக்கீங்க? குடுங்க அந்த நோட்டை!"

பிடுங்கப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. "அம்மா!" என்று அலறி, தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

கண்ணாடி பதறவில்லை. நோட்டைத் தானே அவர் முன்னால் விரித்துக் காட்டினாள். காலையிலிருந்து அவர் நடத்திய பாடம் ஒரு வரி விடாமல் அதில் இருந்தது, வேறொன்றுமில்லை.

"என்னை யாரும் அனுப்பலை மேடம். நான் எலும்பு வார்டு நர்ஸ்," என்றாள். பயிற்சியாளர் தலை நிமிரவில்லை. கண்ணாடி ஓரடி தள்ளி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"வீட்ல உங்களை அடிக்கிறது யாரு மேடம்?"