மலை மறந்த புகை

கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் எரிமலை, பல காலம் அடக்கி வைத்திருந்த கோபத்தை ஒரே நாளில் கக்கித் தீர்த்தது. அதன் புகை மேகங்களையெல்லாம் தாண்டி மேலே போய், காற்றோடு தேசம் தேசமாகப் பரவியது.

இந்தப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் சோளப்பயிர் ஒன்று கதிர் விட்டு மழைக்குக் காத்திருந்தது. வானம் மங்கியதும், மேகம்தான் வந்துவிட்டது என்று நினைத்து, "வாங்க மாமா, இந்த வருஷம் ரொம்பத் தாமதம்" என்றது.

"நான் மேகமில்லை, எரிமலைப் புகை. என்னிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது."

"அப்படியானால் கொஞ்சம் விலகுங்க. வெயிலாவது வரட்டும். மணி பால் பிடிக்கிற நேரம்."

"எங்கே விலகுவது? மழை கழுவிவிடும் என்றால், நான் மழைக்கும் மேலே இருக்கிறேன். நான் வெயிலை மறைப்பதால் தரை சூடாகவில்லை. தரை சூடாகாததால் மழையும் வரவில்லை. என்னைத் துப்பியது மலை. அதைப் போய்க் கேள்."

கடல் தாண்டிப் போகும் ஓர் உள்ளான் குருவியிடம் சோளம் தன் கஷ்டத்தைச் சொல்லி அனுப்பியது. குருவி போய்ச் சேர்ந்தபோது மலையின் சரிவில் புதுப்புல் முளைத்திருந்தது.

"புகையா? அது எப்போதோ முடிந்த கதை" என்றது மலை. "நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அந்தச் சோளம் இன்னுமா அதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறது? எவ்வளவு சின்னப் புத்தி."

குருவி இதைச் சொல்லத் திரும்பி வந்தபோது, சோளக்கதிரில் விதைக்குக்கூட ஒரு மணி இல்லை. காட்டுக்காரன் அதை மாட்டுக்காக அறுத்துக்கொண்டிருந்தான்.