ஓசையற்ற விசைப்பலகை

அந்த விசைப்பலகையையும் அவன் வேண்டாம் என்று தள்ளிவைத்தான்.

கணினிக் கடையின் மேசைமேல் அவன் தள்ளிவைத்தவை ஒரு சிறு குன்றாகக் குவிந்திருந்தன. அவன் மனைவி நாற்காலியில் அமர்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குன்று வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்புகூட இம்மனிதன் இவ்வளவு ஆராய்ச்சி செய்யவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சுட்டியைத் தேர்வதில் தாமதமே நேரவில்லை. தனக்கு வேண்டியது இன்னது என்று அறிந்தவனாய் ஒன்றை எடுத்தான், உள்ளங்கையில் பொருத்தினான், இடப்பக்கத்தை மட்டும் சொடுக்கிப் பார்த்துவிட்டுப் போதும் என்றான்.

விசைப்பலகைதான் அவனைப் படாதபாடு படுத்தியது. ஒன்று மெத்தென்றிருக்கிறதாம். இன்னொன்றின் விளக்குகள் கண்ணைக் கூசச் செய்கின்றனவாம். ஒவ்வொன்றையும் தட்டி, நோயாளியின் நெஞ்சைச் சோதிக்கும் மருத்துவரைப் போலக் காதைத் தாழ்த்திக் கேட்டான்.

“என்னங்க, கீபோர்டுதானே வாங்குறோம்? ஆர்மோனியப் பெட்டி இல்லையே.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. இது தொழில் சம்பந்தப்பட்டது.”

அண்மைக் காலமாக அவன் வாயில் அடிக்கடி புரளும் சொற்றொடர் அது. தேநீரை அறைக்குள்ளேயே கொண்டுவரச் சொல்வது தொழில் சம்பந்தப்பட்டது. காய் வாங்கிவர மறுப்பதும் தொழில் சம்பந்தப்பட்டதே.

“பழசுக்கு என்ன சார் ஆச்சு?” என்றார் கடைக்காரர்.

“ஸ்பேஸ் பாரே கழண்டு வந்துடுச்சுங்க. வீட்டுலேருந்துதான் வேலை. காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கேன். எதுதான் தாங்கும்?”

சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு களைப்பு வந்து உட்கார்ந்தது. ஊரையே தோளில் சுமப்பவனின் களைப்பு. அவள் உதட்டைச் சுழித்துவிட்டு, மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தாள்.

அவனை வேகப்படுத்தியாக வேண்டும். மறுநாள் காலை அவளுடைய அண்ணன் வருகிறார். ஒரு வாரம் தங்கப்போகிறார். இவன் எந்த வேலையிலும் நிலைத்து நிற்கமாட்டான் என்று கல்யாணத்துக்கு முன்பே அடித்துச் சொன்னவர் அவர். அச்சொல் பலித்துவிட்டதா என்று மோப்பம் பிடிப்பதற்காகவே வீட்டுக்கு வருபவர். கூடத்தில் சாய்ந்து, செய்தித்தாளை விரித்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அவர் முன்னால் அவள் இதுவரை தலைகுனிந்ததில்லை. இனிமேல் குனியும் எண்ணமும் இல்லை.

கடைக்காரர் புதிய பெட்டி ஒன்றைப் பிரித்தார். மெலிந்த, வழவழப்பான பலகை. கணவன் அதன்மேல் விரல்களை ஓட்டினான். மெத்தையில் பூனை நடந்தாற்போல ஓர் அரவமும் எழவில்லை.

“இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குக்கூடக் கேக்காது.”

“சத்தம் இல்லாட்டி அடிச்ச மாதிரியே இல்லையே” என்று அவன் இழுத்தான்.

“எழுத்துதான் ஸ்கிரீன்ல விழுமே சார். இருங்க, கம்ப்யூட்டர்ல மாட்டித் தர்றேன், அடிச்சுப் பாருங்க.”

“மாட்டவெல்லாம் வேணாங்க. இப்படியே பாத்துக்கிறேன்.”

கடைக்காரர் அவளைப் பார்த்தார். உங்கள் ஆள் எப்போதும் இப்படித்தானா என்பது அந்தப் பார்வையின் பொருள்.

“வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு மேடம் சொன்னாங்களே. அவங்களுக்கும் தொந்தரவு இருக்காது சார்.”

மறுப்பதற்கு ஒரு காரணத்தைத் தேடி அவன் கண்கள் அலமாரிகளில் அலைந்தன. அக்கடையில் காரணங்கள் விற்பனைக்கு இல்லை.

“சரி, இதையே பேக் பண்ணிடுங்க” என்றான்.

கடைக்காரர் பெட்டியை மூடத் தொடங்கினார்.

அவள் எழுந்தாள்.

“அது வேணாம். மேல் தட்டுல கறுப்பா, கட்டை மாதிரி ஒண்ணு இருக்கே, அதை எடுங்க.”

“மேடம், அது ஏகத்துக்குச் சத்தம் போடும். வாங்கிட்டுப் போனவரு மறுநாளே திருப்பிக் கொண்டாந்து குடுத்தது.”

“எடுங்க.”

அதைக் கணவனின் முன்னால் வைத்துவிட்டு, அவள் வெளியே சென்றாள். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். தெருவில் போவோர் வருவோர் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, அடி என்று கையை அசைத்தாள்.

அவன் அடித்தான். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு தகரக் கூரைமேல் அடைமழை இறங்குவது போல.

பூட்டிய படுக்கையறையிலிருந்து பல மாதங்களாக அவள் கேட்டுவந்த ஓசை இதுவே. அலுவலகம் தன்னை வேலையைவிட்டு நீக்கியதை அவன் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அந்த மேசையைத் துடைப்பவள் அவள். திரையில் சீட்டாட்டம் ஒன்று பாதியில் நிற்கும். கண்டபடி தட்டினால் ஆட்டம் கலைந்துவிடும் அல்லவா? ஆகவே விசைப்பலகையின் கம்பி கணினியில் செருகப்படாமல், மேசைக்குப் பின்னால் தூசி படிந்து தொங்கும்.

அவள் உள்ளே வந்தாள். கடைக்காரர் ரசீது போடத் திரும்பினார். கணவன் நிமிரவில்லை, விரல்கள் விசைகளின்மேல் உறைந்திருந்தன.

அவள் அவன் காதருகே குனிந்தாள்.

“ஹால் வரைக்கும் நல்லாவே கேக்கும். ஆனா இப்படி மூச்சுவிடாம அடிக்காதீங்க. நெஜமா வேலை பாக்குறவங்க நடுவுல கொஞ்சம் யோசிப்பாங்க.”