புத்தித் வீட்டு முறை

கொன்சோக் சாமி மேல் ஆணை, அத்தனையும் சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் யாக் காளை நாளைக் காலையில் பால் கறக்கட்டும்!

புத்தித் மொட்டை மாடியில் வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மாடியில் ஜீப் ஓட்டுகிற அங்துய் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் மாடிக்கு ஏறினால்தான் சிக்னல். அதனால் இமயமலை ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலேயே ரகசியம் தங்காத ஊர் எங்களுடையதுதான்.

"இப்ப கிளம்பாதீங்க," என்றான் அங்துய். "கணவாய் திறந்துட்டாங்க, சரி. ஆனா வெயில் மண்டையைப் பொளக்குது. பனி உருகி, மத்தியானமானா ஓடையில வண்டியையே உருட்டுற தண்ணி. மணாலியிலேயே இருங்க. வடிஞ்சதும் நானே சொல்றேன்."

புத்தித்தின் கையில் இருந்த வறட்டி நொறுங்கித் தூளானது.

ஊருக்கு வருகிற விருந்தாளிகளை வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துத்தான் நாங்கள் தங்க வைப்போம். உன் வாரத்தில் ஆள் வராவிட்டால் போச்சு, முறை அடுத்த வீட்டுக்கு. ஜீப் சவாரிக்கும் இப்படித்தான் முறை. இந்த வாரம் புத்தித் வீட்டு முறை. மெத்தைகளை வெயிலில் போட்டு, ஜன்னல் சட்டத்துக்குப் புதுசாகக் கறுப்பு பூசிக் காத்திருக்கிறாள். அடுத்த வாரம் யார்? அங்துய்யின் சொந்த அக்கா!

"ஏண்டா டேய்! என் முறையில வர்ற ஆளைத் திருப்பி விடுறியா?"

அங்துய்க்கு ஃபோன் கை நழுவப் பார்த்தது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா."

"பின்ன யாருடா அது?"

"தெரிஞ்சவங்க. யாருன்னு இப்ப சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதாம்! உங்க அக்கா வீட்டுக்கு ஆள் பிடிச்சு வெக்கிறே. சோறுதானே திங்கிறே நீ?"

அவள் போட்ட சத்தத்தில் எதிர்மலையில் பனிச்சரிவு ஒன்று இறங்கியது. பார்த்தவன் சொல்கிறேன்.

சாயங்காலம் தலைவர் சோப்பெல் வீட்டு மாடியில் ஊர் கூடியது. அவரவர் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து தேநீர் வாங்கிக்கொண்டார்கள்.

"நானும்தான் ஃபோன்ல பேசுறேன்," என்று புத்தித் எழுந்து நின்றாள். "மே மாசம் வரலாமான்னு கேட்டா, மே மாதிரி உண்டான்னு சொல்றேன். அக்டோபர்னு கேட்டா அதுதான் சொர்க்கம்னு சொல்றேன். ரோடு எப்படின்னா, தொட்டில்ல படுத்த மாதிரி வரலாம்னு சொல்றேன். ஊர் பிழைக்கணும்னா அப்படித்தானே பேசணும்? இவன் ஒருத்தன் அரிச்சந்திரன்! வராதே, வராதேன்னு விரட்டுறான்!"

"போன வருஷம் நீ சொல்லி வந்தவங்க ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டிக்குள்ளயே ராத்திரி பூரா விறைச்சுக் கிடந்தாங்களே புத்தித்," என்றது ஒரு குரல்.

"கிடந்தாங்க! அப்புறம் வந்தாங்கல்ல? வந்து ஆளுக்கு ரெண்டு கிண்ணம் துக்பா சூப் கூடுதலாவே குடிச்சாங்க!"

ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் யாரும் ஃபோனில் வேறு மாதிரி பேசுகிறவர்கள் இல்லை.

சோப்பெல் கையமர்த்தினார். "அங்துய், பேசினது யாருன்னு சொல்லிடு. விஷயம் முடிஞ்சுது."

"வாக்கு குடுத்திருக்கேன் தலைவரே."

"யாருக்கு?"

"அதையும் சொல்லக் கூடாது."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" புத்தித் குதித்தாள். "ஜீப் முறையிலிருந்து இவனைத் தூக்குங்க!"

சோப்பெல் யோசித்தார். ஊரின் முகத்தைப் பார்த்தார். "அப்ப இந்த சீசன் முடியிற வரைக்கும் உன் ஜீப்புக்கு முறை கிடையாது."

கோடையில் ஓட்டாத ஜீப் குளிர்காலத்தில் அடுப்பெரிக்காது. அங்துய் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிங்க," என்றான். அவ்வளவுதான்.

அப்போது புத்தித்தின் ஃபோன் அடித்தது. சண்டீகரில் வாழ்க்கைப்பட்ட மகள் திக்கித். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்று புத்தித் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, திட்டாதே. சொல்லாம கொள்ளாம வந்து நின்னு உன்னை அசத்தலாம்னு பாப்பாவைத் தூக்கிட்டு வந்தோம். மணாலியில இருக்கோம்."

"பாப்பாவா! அங்க வந்துட்டு ஏண்டி உக்காந்திருக்கே?"

"அங்துய் மாமா கிளம்பவே கூடாதுன்னுட்டாரு. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

மாடியில் எல்லோர் தலையும் அங்துய் பக்கம் திரும்பியது.

"இங்க ஒரு டிரைவர் நாளைக்கே போயிடலாம்னு நச்சரிக்கிறான். கேக்கலாம்னா மாமா ஃபோனை எடுக்க மாட்டேங்கிறாரு. அதான் உனக்குப் போட்டேன்."

புத்தித் வாயைத் திறந்தாள். "ரோடு வந்து..."

"ஐயோ, நீ சொல்லாதேம்மா!" என்று பதறினாள் திக்கித். "கைக்குழந்தை இருக்கு. மாமாகிட்ட கேட்டுச் சொல்லு."

புத்தித் நடந்து போய் ஃபோனை அங்துய்யிடம் நீட்டினாள்.

அவன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்த சோப்பெல் தொண்டையைக் கனைத்தார். "ஜீப் விஷயம் கிடக்கட்டும் அங்துய். குலுவுல இருந்து என் தம்பி கிளம்புறானாம்... அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடேன்."

இதை யார் சொன்னதென்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு எனக்கு புத்தித் வீட்டில்தான் சாப்பாடு.