தொட்டியில் ஒரு கொலைகாரன்

பொன்னையன் வளர்த்த பிளவர்ஹார்ன் மீன், தொட்டியில் விட்ட துணைகளையெல்லாம் கொன்று தின்றுவிட்டது.

“கூட்டுக்குப் பெரிய கெளுத்தியா விடுங்க, அண்ணாச்சி. முள்ளு உண்டு, இவன் கிட்டயே போவமாட்டான்,” என்றான் பாறசாலை மீன்கடை சானு.

“இதையும் தின்னா அவனுக்கு என் வீட்டிலே இடமில்லை. எங்க குடும்பத்துக்கு ஒரு பேரு உண்டு, ஆக்கும்!”

வாங்கி வந்த கெளுத்தியை மனைவி ஸ்ரீகுமாரியிடம் நீட்டி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கோயில் கமிட்டிக்கு ஓடினார்.

திரும்பி வந்தால் தொட்டியில் பிளவர்ஹார்ன் மட்டும் உலாத்திக்கொண்டிருந்தது.

“எலே, முள்ளைக்கூட விட்டு வைக்கலியே!”

செல்ல மீனை அப்போதே சானுவிடம் கொடுத்துவிட்டு, கண்கலங்கச் சாப்பிட உட்கார்ந்தார். ஸ்ரீகுமாரி மீன்கறியை ஊற்றினாள்.

“இது ஏது மீன்?”

“நல்ல கதை! ‘கூட்டுக்கு’ன்னு நீங்கதானே கெளுத்தியைத் தந்திட்டுப் போனிய? சோத்துக்கு இதைவிட நல்ல கூட்டு உண்டா?”