நாலு மணிக்கு ஊமையாகும் போன்

"இன்னைக்கும் ஏறுது பாருங்க," என்று போனை நீட்டினாள் ரஞ்சனி.

கணவன் ரமேஷ்குமார் எட்டிப் பார்த்தான். திரையில் அவள் அப்பாவின் சர்க்கரைக் கோடு நாலு மணிக்குக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது.

"மாமாவுக்கு நாக்கு அடங்க மாட்டேங்குது. வேறென்ன?"

ராசிபுரத்தில் இருக்கும் அப்பா சண்முகவேலின் கையில் சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பும் சென்சார் ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. கால் விரலில் ஆறாத புண். சர்க்கரை இறங்கவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆப்பில் எல்லாமே பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷ். அப்பாவுக்கு உதவாது என்று ரஞ்சனி தன் குரலையே பதிந்து அலாரமாக வைத்துக் கொடுத்திருந்தாள். சர்க்கரை ஏறினால் போன் சத்தமாகச் சொல்லும்: "அப்பா, சக்கரை ஏறுதுங்க. டீ, பலகாரம் எதுவும் வேண்டாமுங்க."

முதல் வாரம் ஒழுங்காகப் பேசியது. இப்போது தினமும் நாலு மணிக்கு ஊமையாகிவிடுகிறது. அப்பாதான் அணைக்கிறார் என்று ஆப்பே காட்டிக் கொடுத்தது. எழுத்து தெரியாதவருக்கு அணைக்கிற பொத்தான் மட்டும் எப்படித் தெரிந்ததோ.

ரஞ்சனி பொறுக்க முடியாமல் ஸ்கூட்டியை எடுத்தாள். அஸ்தம்பட்டியிலிருந்து ராசிபுரம் போய்ச் சேர்வதற்குள் கோடு இன்னும் ஏறியிருந்தது.

அப்பா கூடத்தில் காலி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"எத்தனாவது டம்ளருங்கப்பா இது?"

"மூணாவது. மெதுவாப் பேசு சாமி."

"விரலை எடுக்கோணும்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சுங்களா?"

"எனக்கு மறக்கலை சாமி."

கோபத்தில் அப்பாவின் போனை எடுத்துச் சத்தத்தைத் திறக்கப் போனாள். அப்பா அவசரமாக அவள் கையைப் பிடித்தார்.

அதற்குள் சமையல்கட்டிலிருந்து அம்மா சௌந்திரம் டீயோடு வந்தாள்.

"அட ரஞ்சனி, எப்ப வந்த சாமி? இரு, மொதல்ல அப்பாவுக்குக் குடுத்தர்றேன். பாவம், நாலு மணியிலிருந்து டீயே குடிக்காம உக்காந்திருக்கறாரு."

அப்பா மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார். டம்ளர் காலியாகும்வரை அம்மா எதிரிலேயே நின்றாள். பிறகு திருப்தியாக உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவள் ரஞ்சனி. சாயங்கால அம்மாவை அவள் பார்த்ததே இல்லை.

"பொழுது சாஞ்சா இப்படித்தான்," என்றார் அப்பா. "சக்கரை வேண்டாம்னு சொன்னாலும் மறந்துட்டு ரெண்டு ஸ்பூன் போட்டர்றா. ஒரு நாள் போனில உன்ற குரலைக் கேட்டுட்டு, டம்ளரை எல்லாம் எண்ணிப் பாத்தா. ‘எனக்குப் புத்தி கலங்கிருச்சுங்களா’ன்னு ஒரே அழுகை. ரெண்டு நாள் சோறே திங்கலை. அதான் அணைச்சர்றேன்."

"உங்க காலுப்பா?"

"ஒரு விரல்தானே சாமி."

ரஞ்சனி அழுதுவிட்டாள். அடுத்த வாரமே அம்மாவை டாக்டரிடம் காட்டுவது என்று முடிவு செய்தாள். அப்பாவின் போனை வாசலுக்கு எடுத்துப் போய், அலாரத்தில் புதிதாக எதையோ பதிந்து, அப்பாவிடம் கொடுத்தாள்.

"இனி அணைக்காதீங்கப்பா."

பத்து நாளில் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. புண் ஆற ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர்.

அன்று நாலரை மணி. அம்மா இரண்டாவது டீயை நீட்டி எதிரில் நின்றாள். அப்பா டம்ளரை வாயருகே கொண்டு போகும்போது, முதல் டீக்கே சர்க்கரை ஏறியதால் போன் சத்தமாகப் பேசியது:

"அப்பா, ரஞ்சனி பேசறேனுங்க. ஊட்டுக்குள்ள சிக்னல் கிடைக்கலை. டம்ளரோட வெளிய வாங்க."

அப்பா போனும் டம்ளருமாக எழுந்து, பத்து நாளாக அவருடைய டீயைக் குடித்துவரும் வாசல் கறிவேப்பிலைச் செடியை நோக்கி நடந்தார்.

"போங்க, போய்ப் பேசுங்க," என்றாள் அம்மா பெருமையாக. "நம்ம புள்ளைக்கு என்ன ஞாபகம் பாருங்க. ஒரு நாள்கூட மறக்காம கூப்பிட்டர்றா."