பத்தாயிரத்து நானூற்று மூன்று

"டேய் அழகேசா, கிழங்கு நடச் சொன்னா மண்ணுல என்னடா கிறுக்கிக்கிட்டு இருக்கே? வேலை வாங்குற தண்டல் பார்த்தாருன்னா தோலை உரிச்சிடுவாரு!"

இருளப்பன் அதட்டியும் அழகேசன் தலை நிமிரவில்லை. அவன் கைக்குச்சி ஈர மண்ணில் பத்தாயிரத்து நானூற்று மூன்றை வகுத்துக்கொண்டிருந்தது.

ஜப்பான்காரன் வந்த பிறகு செமிலிங் ரப்பர் தோட்டத்தில் பால்மரங்களுக்குப் பாதி ஓய்வு. அழகேசனுக்குத்தான் ஓய்வில்லை. பதினைந்து நாளுக்கு முன்னால் கிணற்றடியில் அம்சவள்ளியிடம், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டான். தோட்டப் பள்ளியில் படித்த காலத்திலேயே கணக்கில் அவனை முந்துகிற ஒரே ஆள் அவள்தான். வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தாள்.

"பத்தாயிரத்து நானூத்தி மூணு. இதை மீதியில்லாம வகுக்கிற நம்பரைக் கண்டுபிடிங்க. ஒண்ணுன்னோ அதே நம்பர்னோ சொல்லி ஏமாத்தக் கூடாது. என் பதில் அதுக்குள்ளதான் இருக்கு."

அன்றிலிருந்து அந்த எண்ணோடுதான் உலவினான். ஒற்றைப்படை, இரண்டுக்கு இடமில்லை. இலக்கங்களைக் கூட்டினால் எட்டு. மூன்றும் கதவைச் சாத்தியது. ஏழு ஒன்றை மிச்சம் வைத்தது, பதின்மூன்று மூன்றை. கனவில் அந்த எண் பால்மரங்களுக்கு நடுவே பனியில் நடந்து போகும். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாது.

"தொண்ணூத்தேழும் போச்சு." குச்சியை வீசினான். "நூறு நூறு பத்தாயிரம். அதுக்கு மேல தேடி என்ன இருக்கு? இது எதுக்கும் வகுபடாத பகா எண்டா. வேணாம்கிறதை வலிக்காமச் சொல்லியிருக்கா."

"அதுக்காக ஜப்பான்காரன்கிட்ட பேர் கொடுத்து சயாமுக்குப் போறதா? ரயில் ரோடு போடப் போனவன் ஒருத்தனும் திரும்பலலா!"

"இங்க இருந்து, அவளுக்கு வேற ஒருத்தன் தாலி கட்டுறதைப் பார்க்கச் சொல்றியா?"

மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடினார்கள். பனிக்குள் சயாம் லாரி உறுமிக்கொண்டு நின்றது. இருளப்பன் வாயில் எதுவும் தங்காது. பெண்கள் வரிசையில் அம்சவள்ளியின் கண்கள் வீங்கியிருந்தன.

பெரட்டில் யாருக்கும் பேர் கிடையாது, ஆள்பதிவுப் புத்தகத்தில் உள்ள செக்ரோல் நம்பர்தான். தோட்டக் கணக்கெழுதும் கிராணி சீனிவாசகம் அந்தப் புத்தகத்தை விரித்தார்.

"தொண்ணூத்தொன்பது!"

"இருக்கேங்க."

"நூறு!"

"இருக்கேங்க."

"நூத்தியொண்ணு! சயாமுக்குப் போறேன்னியாமே? ஏறு."

அழகேசன் வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

நூற்றொன்று. தினமும் காலையில் 'இருக்கேன்' என்று அவன் பதில் சொல்லும் சொந்த நம்பர். அதை ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. மனம் பனியின்மேல் எழுதிப் பார்த்தது. நூற்று மூன்று முறை. மீதி பூஜ்யம்.

"ஏண்டா, காது கேக்கலையா?"

"சயாமுக்கு இல்லீங்க கிராணி ஐயா. நான் கிழங்குக்கே போறேங்க!"

கிராணி முறைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். "நூத்தி ரெண்டு!"

"இருக்கேங்க!" இருளப்பன் தோட்டமே அதிரக் கத்தினான்.

"நூத்தி மூணு!"

பெண்கள் வரிசையில் அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இருக்கேங்க."